ஆல்பிரட் அட்லர்

ஆல்பிரட் அட்லர் (பெப்ரவரி 7, 1870 - மே 28, 1937) ஆஸ்திரிய நாட்டு மருத்துவரும் உளவியலாளரும் ஆவார். தனிமனித உளவியல் என்னும் கோட்பாட்டையும் அதனை அடிப்படையாகக் கொண்ட உளச்சிகிச்சை முறையையும் உருவாக்கியவர் இவரே. ஒருவரின் ஆளுமையை அறிய வேண்டுமானால் அவர் வளர்ந்த குடும்பச் சூழலையும், அக்குடும்பத்தில் அவர் தமக்கெனத் தேடிக்கொண்ட இடத்தையும், எந்த இலக்கை நோக்கி அவர் வாழ்கிறார் என்பதையும் ஒருசேர ஆராய வேண்டும் என்பது இம்முறையின் சாரம்.

சிக்மண்ட் பிராய்ட், கார்ல் யுங் ஆகியோருடன் சேர்த்து, ஆழ்மன உளவியலின் மூன்று முன்னோடிகளுள் ஒருவராக அட்லர் மதிக்கப்படுகிறார். மற்ற இருவரின் பெயர்களைக் காட்டிலும் இவரது பெயர் குறைவாகவே அறியப்பட்டுள்ளது. எனினும், தமிழில் அன்றாடம் வழங்கும் தாழ்வு மனப்பான்மை என்ற சொல்லின் பின்னணியில் இருப்பது இவரது கோட்பாடே.

பிறப்பும் இளமையும்

அட்லர் வியன்னா நகரின் புறப்பகுதியாக அன்றிருந்த ருடால்ப்சைம் என்ற ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை லியோபோல்ட் அட்லர் தானிய வணிகர். தாய் பவுலின் பேர். பல பிள்ளைகள் இருந்த அக்குடும்பத்தில் ஆல்பிரட் இரண்டாவது பிள்ளை. மூத்தவரின் பெயர் சிக்மண்ட். அண்ணன் உடல் வலிமையும் சுறுசுறுப்பும் உடையவராக இருந்தார். தம்பியான ஆல்பிரட்டோ பிறவியிலேயே நலிந்த உடலுடன் வளர்ந்தார். எலும்புகளை வலுவிழக்கச் செய்யும் ரிக்கட்ஸ் நோய் தாக்கியதால் நான்கு வயது வரை அவரால் சரியாக நடக்க இயலவில்லை. அண்ணன் ஓடி விளையாடுவதைத் தாம் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்ததே தமது தொடக்க கால நினைவுகளுள் ஒன்று என அவர் பிற்காலத்தில் எழுதினார்.

இளவயதிலேயே மரணத்தை அருகிலிருந்து காணும் நிலையும் அவருக்கு நேர்ந்தது. அவருக்கு ஏறத்தாழ நான்கு வயதாக இருந்தபோது, ருடால்ப் என்ற தம்பி தொண்டை அடைப்பான் நோயால் ஒரே அறையில் அவருக்கு அருகிலிருந்த படுக்கையில் இறந்தான். அதன் பின்னர் ஆல்பிரட்டையும் நுரையீரல் அழற்சி தாக்கியது. சிறுவன் பிழைக்க மாட்டான் என்று மருத்துவர் தந்தையிடம் கூறியதை அவர் கேட்க நேர்ந்தது. ஆயினும் அவர் பிழைத்துக்கொண்டார். தாம் ஒரு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே தம்முள் உறுதிப்பட்டது என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். சாவை வெல்ல வேண்டும் என்ற சிறுவனின் விருப்பம் ஒரு வாழ்க்கை இலக்காக மாறிய இந்நிகழ்வு அவரது கோட்பாட்டை விளக்க அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பள்ளியில் அவர் தொடக்கத்தில் சிறந்த மாணவராக விளங்கவில்லை. கணக்குப் பாடத்தில் தேர்ச்சி பெறாததால் ஒரே வகுப்பில் மீண்டும் படிக்க நேர்ந்தது. பையனைப் படிப்பிலிருந்து நிறுத்திக் காலணி தைக்கும் தொழிலுக்கு அனுப்பலாம் என்று ஆசிரியர் ஒருவர் தந்தைக்கு அறிவுரை கூறினார். தந்தை அதனை ஏற்கவில்லை. மகனைத் தொடர்ந்து படிக்கச் செய்து ஊக்கமளித்தார். சில காலத்தில் ஆல்பிரட் அதே கணக்கில் வகுப்பின் முதன்மையான மாணவர்களுள் ஒருவரானார். திறமை பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்ட ஒன்று என்ற கருத்தை அவர் இறுதிவரை ஏற்காததற்கும், ஊக்கமளித்தல் என்பதனைத் தமது சிகிச்சை முறையின் நடுவில் வைத்ததற்கும் இவ்வனுபவம் ஒரு காரணமாகும்.

கல்வியும் மருத்துவப் பணியும்

வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அட்லர் 1895 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். முதலில் கண் மருத்துவராகவும் பின்னர் பொது மருத்துவராகவும் பணியாற்றினார். அவரது மருத்துவமனை வியன்னாவின் லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில், பிராட்டர் என்னும் கேளிக்கைப் பூங்காவுக்கு அருகில் அமைந்திருந்தது. எளிய மக்கள் வாழ்ந்த பகுதி அது. பூங்காவில் வித்தை காட்டிய கலைஞர்களும் அவரிடம் சிகிச்சைக்கு வந்தனர். அவர்களுள் சிலர் குழந்தைப் பருவத்தில் உடல் நலிவுற்றிருந்து, பிற்காலத்தில் அந்த உடலையே வியக்கத்தக்க வகையில் பழக்கியிருந்ததை அவர் கவனித்தார்.

மருத்துவத்தைச் சமூகத்திலிருந்து பிரித்துப் பார்க்காத போக்கு அவரிடம் தொடக்கத்திலேயே காணப்பட்டது. 1898 இல் வெளிவந்த அவரது முதல் நூல் தையல் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றியது. நெருக்கடியான இடங்களில் நீண்ட நேரம் குனிந்து வேலை செய்வதாலும் போதிய வருமானம் இல்லாததாலும் அவர்களுக்கு உண்டாகும் நோய்களை அந்நூல் விவரித்தது. நோயாளியின் உடலை மட்டும் பார்த்தால் போதாது, அவர் வாழும் நிலையையும் பார்க்க வேண்டும் என்ற கருத்து அதில் வெளிப்பட்டது.

குடும்பம்

1897 இல் அட்லர் ரயிசா எப்ஸ்டைன் என்ற ரசியப் பெண்ணை மணந்தார். உயர்கல்விக்காக ரசியாவிலிருந்து வெளியேறி வந்த ரயிசா, பெண் உரிமையிலும் பொதுவுடைமைக் கொள்கையிலும் ஆழ்ந்த பற்றுடையவர். ரசியப் புரட்சியாளர் திரொட்ஸ்கியின் குடும்பம் வியன்னாவில் வாழ்ந்த காலத்தில் அட்லர் குடும்பத்துடன் நட்புக் கொண்டிருந்தது. அட்லர் இணையருக்கு வலன்டைன், அலெக்சாண்டிரா, கூர்ட், கொர்னேலியா என நான்கு பிள்ளைகள் பிறந்தனர். அலெக்சாண்டிராவும் கூர்ட்டும் தந்தையைப் பின்பற்றி உளநோய் மருத்துவர்களாயினர். 1904 இல் அட்லர் யூத மதத்திலிருந்து கிறித்தவத்தின் சீர்திருத்தத் திருச்சபைக்கு மாறினார்.

பிராய்டுடன் தொடர்பும் பிரிவும்

1902 இல் பிராய்ட் தமது வீட்டில் புதன்கிழமைதோறும் நடத்தத் தொடங்கிய கலந்துரையாடல்களுக்கு அட்லரை அழைத்தார். அக்கூட்டத்தின் முதல் உறுப்பினர்களாக இருந்த சிலருள் அட்லரும் ஒருவர். இக்குழுவே பின்னர் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கமாக வளர்ந்தது. அட்லர் பிராய்டின் மாணவர் என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவர் பிராய்டிடம் கல்வி கற்றவரோ அவரால் பகுப்பாய்வு செய்யப்பட்டவரோ அல்லர். தம்மை ஓர் உடன் ஆய்வாளராகவே அவர் கருதினார்.

1907 இல் உறுப்புக் குறைபாடு பற்றிய தமது ஆய்வை அட்லர் வெளியிட்டார். உடலில் ஓர் உறுப்பு நலிவுற்றிருந்தால் உடலும் மனமும் சேர்ந்து அதனை ஈடுசெய்ய முயல்கின்றன என்பது இதன் மையக் கருத்து. ஒரு சிறுநீரகம் செயலிழந்தால் மற்றொன்று பெரிதாகிக் கூடுதல் வேலையை ஏற்பது உடலளவிலான ஈடுசெய்தல் ஆகும். திக்குவாய் இருந்த டெமஸ்தனிஸ் கிரேக்கத்தின் தலைசிறந்த பேச்சாளரானது மனத்தின் முயற்சியால் நிகழ்ந்த ஈடுசெய்தலுக்கு வழக்கமாகத் தரப்படும் எடுத்துக்காட்டு. பிராய்ட் இவ்வாய்வை வரவேற்றார். 1910 இல் அட்லர் வியன்னா சங்கத்தின் தலைவராகவும், உளப்பகுப்பாய்வு இதழொன்றின் இணை ஆசிரியராகவும் பொறுப்பேற்றார்.

ஆயினும் இருவரின் பாதைகளும் விலகிக்கொண்டிருந்தன. பாலுந்தலே மனநோய்களின் அடிப்படை என்று பிராய்ட் கருதினார். அட்லரோ, குழந்தை தன்னைச் சிறியதாகவும் வலுவற்றதாகவும் உணர்வதும் அவ்வுணர்விலிருந்து மேலெழ முயல்வதுமே அடிப்படை என்று வாதிட்டார். 1911 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அட்லர் தமது கருத்துகளைச் சங்கத்தில் தொடர் உரைகளாக முன்வைத்தார். கடுமையான விவாதங்கள் எழுந்தன. அட்லர் தலைவர் பதவியிலிருந்து விலகி, அதே ஆண்டில் சங்கத்தை விட்டும் வெளியேறினார். அவருடன் வேறு சில உறுப்பினர்களும் வெளியேறினர். இவர்களுள் ஆசிரியரும் பண்டைய இலக்கிய அறிஞருமான டேவிட் எர்ன்ஸ்ட் ஓப்பன்ஹைமும் ஒருவர். பிராய்டுக்கும் அட்லருக்கும் இடையே தோன்றிய பகை இறுதி வரை தீரவில்லை.

வெளியேறியவர்கள் தனிச் சங்கம் ஒன்றை நிறுவினர். விரைவில் அது தனிமனித உளவியல் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. 1912 இல் வெளிவந்த நரம்புத் தளர்ச்சிக் குணம் பற்றிய நூலில் அட்லர் தமது கோட்பாட்டை முழுமையாக எடுத்துரைத்தார். இந்நூலை முன்வைத்து வியன்னா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் 1915 இல் நிராகரிக்கப்பட்டது. இதன் பின்னர் அவரது உளவியல் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமுமே வளர்ந்தது.

தனிமனித உளவியல்

தனிமனித உளவியல் என்ற பெயர் தவறான பொருள் தரக்கூடியது. மனிதனைச் சமூகத்திலிருந்து பிரித்துத் தனியே ஆராயும் இயல் என்று இதனைக் கொள்ளலாகாது. இப்பெயருக்கு அடிப்படையான இலத்தீன் சொல்லின் பொருள் பிரிக்க முடியாதது என்பதாகும். மனிதனை உந்தல்கள், அறிவு, உணர்ச்சி எனத் துண்டுகளாகப் பிரிக்காமல் முழுமையாகக் காண வேண்டும் என்பதே பெயரின் கருத்து.

இலக்கு: மனிதனின் செயல்களைக் கடந்த கால நிகழ்வுகள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று அட்லர் கருதினார். எதிர்காலத்தில் அடைய விரும்பும் இலக்கே செயல்களுக்கு வடிவம் தருகிறது. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் ஒரு பேருந்தைக் காண்பவர், அது எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்கலாம். எங்கே செல்கிறது என்றும் கேட்கலாம். அது அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அறிய இரண்டாவது கேள்வியே பெரிதும் உதவும். மனிதரைப் பற்றி அட்லர் கேட்டதும் இந்த இரண்டாவது கேள்வியே. இவ்விலக்கு பெரும்பாலும் அந்த மனிதருக்கே தெளிவாகத் தெரிந்திருப்பதில்லை. இக்கருத்தில் அட்லர் மீது ஜெர்மன் மெய்யியலாளர் ஹன்ஸ் வைஹிங்கரின் தாக்கம் இருந்தது. மனிதர்கள் உண்மையா என்று சரிபார்க்க முடியாத கற்பனைகளை உண்மை போலக் கொண்டு வாழ்கின்றனர் என்பது வைஹிங்கரின் வாதம்.

தாழ்வுணர்ச்சி: ஒவ்வொரு குழந்தையும் பெரியவர்கள் நடுவில் தன்னைச் சிறியதாக உணர்கிறது. இது நோயன்று, வளர்ச்சிக்கான தூண்டுதல். இவ்வுணர்ச்சி அளவுக்கு மீறி, தன்னால் எதுவும் இயலாது என்று ஒருவர் பின்வாங்கத் தொடங்கும்போதே அது தாழ்வு மனப்பான்மையாகிறது. தாழ்வுணர்ச்சியை மறைக்கப் பிறரை இழிவுபடுத்தித் தம்மை உயர்த்திக் காட்டுவது உயர்வு மனப்பான்மை. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்றார் அட்லர். உடற்குறை உடைய குழந்தைகள், அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கப்பட்ட குழந்தைகள், புறக்கணிக்கப்பட்ட குழந்தைகள் ஆகிய மூவகையினரிடம் இவை தோன்றும் வாய்ப்பு மிகுதி என்பது அவரது கருத்து.

வாழ்க்கைப் பாணி: தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் ஒரு குழந்தை நான்கைந்து வயதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அம்முடிவுக்கு ஏற்ப அது நடந்துகொள்ளும் முறையை அட்லர் வாழ்க்கைப் பாணி என்று அழைத்தார். பிற்காலத்தில் ஆளுமை என்று நாம் காண்பது இதனையே.

குடும்பத்தில் இடம்: ஒரே வீட்டில் வளரும் பிள்ளைகள் ஒரே சூழலில் வளர்வதில்லை என்பதை அட்லர் வலியுறுத்தினார். முதற்பிள்ளை சில காலம் பெற்றோரின் முழுக் கவனத்தையும் பெற்று, தம்பியோ தங்கையோ பிறந்ததும் அதனை இழக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு எப்போதும் முன்னால் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். கடைசிப் பிள்ளையின் இடத்தைப் பறிக்க எவரும் வருவதில்லை. ஒற்றைப் பிள்ளை பெரியவர்களுக்கு நடுவிலேயே வளர்கிறது. பிறந்த வரிசை எண் குணத்தைத் தீர்மானிப்பதில்லை என்றும், தன் இடத்தைக் குழந்தை எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதே முக்கியம் என்றும் அவர் விளக்கினார்.

சமூக உணர்வு: பிற மனிதர்களுடன் தாமும் ஒருவர் என்ற உணர்வும், அவர்கள் நலனில் பங்கேற்கும் ஆர்வமும் மனநலத்தின் அளவுகோல் என்று முதல் உலகப் போருக்குப் பின் அட்லர் வலியுறுத்தலானார். தொழில், பிறருடன் உறவு, காதல் ஆகிய மூன்று கடமைகள் ஒவ்வொருவர் முன்னும் உள்ளன. சமூக உணர்வு இல்லாமல் இவற்றுள் எதனையும் நிறைவேற்ற இயலாது. ஆண்கள் உயர்ந்தவர்கள், பெண்கள் தாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் இரு பாலாரின் மனநலத்தையும் கெடுக்கிறது என்று எழுதிய தொடக்க கால உளவியலாளர்களுள் இவரும் ஒருவர்.

சிகிச்சை முறை

பிராய்டின் முறையில் நோயாளி சாய்ந்து படுத்திருக்க, மருத்துவர் அவர் பார்வையில் படாமல் அமர்ந்திருப்பார். அட்லர் இம்முறையைப் பின்பற்றவில்லை. இருவரும் நாற்காலிகளில் எதிரெதிரே அமர்ந்து சமமானவர்களாக உரையாடுவதே அவரது வழக்கம். சிகிச்சையும் பொதுவாகக் குறுகிய காலத்திற்கே நடைபெற்றது.

உரையாடலில் பெற்றோரின் இயல்பு, உடன்பிறந்தோர், வீட்டில் ஒவ்வொருவருக்கும் இருந்த இடம் ஆகியவை கேட்டறியப்படும். அடுத்து, நினைவில் நிற்கும் மிகப் பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லுமாறு நோயாளி கேட்டுக்கொள்ளப்படுவார். ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளுள் சிலவற்றை மட்டும் மனம் வைத்துக்கொள்வதால், அத்தேர்வே அவரது வாழ்க்கைப் பாணியைக் காட்டும் என்பது அட்லரின் கருத்து. அந்நிகழ்ச்சி உண்மையில் அவ்வாறே நடந்ததா என்பது இங்கு முக்கியமன்று. இந்த நோய் இல்லையென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்ற பொருள்படும் கேள்வியையும் அட்லர் நோயாளிகளிடம் கேட்பதுண்டு. எந்தக் கடமையிலிருந்து தப்பிக்க நோய் உதவுகிறது என்பது விடையிலிருந்து புலப்படும்.

இவற்றின் வழியாக நோயாளி தம் மறைந்த இலக்கைத் தாமே கண்டுகொள்ள மருத்துவர் உதவுகிறார். அதன் பின்னர் வேறு வகையில் வாழ்ந்து பார்க்கும் துணிவை ஊட்டுகிறார். மனநோயாளியை அட்லர் ஊக்கமிழந்தவர் என்றே கண்டார். எனவே ஊக்கத்தைத் திரும்பத் தருவது சிகிச்சையின் முதன்மையான பணியாயிற்று.

போரும் பள்ளிகளும்

முதல் உலகப் போரின்போது அட்லர் ஆஸ்திரிய இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். மனம் சிதைந்து மருத்துவமனைக்கு வந்த வீரர்களை மீண்டும் போர்முனைக்கு அனுப்பத் தகுதியானவர்களா என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. இப்பணி அவரை மிகவும் வருத்தியது. சமூக உணர்வு என்ற கருத்து அவரது எழுத்தில் முதன்மை பெற்றது இக்காலத்திற்குப் பிறகே.

போருக்குப் பின் வியன்னா மாநகராட்சி சமூக சனநாயகக் கட்சியின் ஆட்சிக்கு வந்தது. சிவப்பு வியன்னா என்று அழைக்கப்பட்ட இக்காலத்தில் ஒட்டோ கிளோக்கலின் தலைமையில் பள்ளிச் சீர்திருத்தங்கள் மேற்கொள்ளப்பட்டன. அட்லரும் அவரது கூட்டாளிகளும் பள்ளிகளோடு இணைந்த குழந்தை வழிகாட்டல் மையங்களைத் தொடங்கினர். படிப்பில் பின்தங்கிய, வகுப்பில் அடங்காத குழந்தைகளை ஆசிரியர்கள் பெற்றோருடன் அங்கு அழைத்து வந்தனர். மற்ற ஆசிரியர்களின் முன்னிலையிலேயே அட்லர் குழந்தையுடன் பேசுவார். இதனால் ஒரு குழந்தைக்குக் கிடைத்த உதவி பல ஆசிரியர்களுக்குப் பயிற்சியாகவும் அமைந்தது. கட்டணம் எதுவும் பெறப்படவில்லை. காலப்போக்கில் இத்தகைய மையங்கள் ஏறத்தாழ 30 ஆகப் பெருகின. பணம் படைத்தோருக்கு மட்டும் எட்டக்கூடியதாக இருந்த உளச்சிகிச்சை இதன் மூலம் தொழிலாளர் குடும்பங்களுக்கும் கிடைத்தது.

1924 இல் வியன்னா கல்வியியல் நிறுவனத்தில் அட்லர் ஆசிரியப் பொறுப்பேற்றார். மக்கள் கல்வி நிலையத்தில் பொதுமக்களுக்காக அவர் ஆற்றிய உரைகள் 1927 இல் மனிதரை அறிதல் என்ற பொருள்படும் நூலாக வெளிவந்து மிகப் பரவலாகப் படிக்கப்பட்டன. 1931 இல் அவரது கொள்கைகளின்படி நடைபெறும் சோதனைப் பள்ளி ஒன்றும் வியன்னாவில் தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில்

1926 முதல் அட்லர் அமெரிக்காவுக்குத் தொடர்ந்து சென்று உரையாற்றினார். ஆங்கிலத்தை நடுவயதைக் கடந்த பின்னரே கற்றபோதும், எளிய நடையிலான அவரது பேச்சைக் கேட்கப் பெருந்திரளாக மக்கள் கூடினர். 1932 இல் நியூயோர்க்கின் லாங் ஐலண்ட் மருத்துவக் கல்லூரியில் மருத்துவ உளவியல் பேராசிரியரானார்.

1934 பெப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. சமூக சனநாயகக் கட்சி தடைசெய்யப்பட்டது. குழந்தை வழிகாட்டல் மையங்களும் சோதனைப் பள்ளியும் மூடப்பட்டன. பதினைந்து ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய பணி சில வாரங்களில் அழிந்தது. அட்லர் அமெரிக்காவிலேயே நிலையாகக் குடியேறினார். 1935 இல் ரயிசாவும் அங்கு வந்து சேர்ந்தார்.

1938 இல் ஆஸ்திரியா நாசி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்ட பின்னர் அட்லரின் கூட்டாளிகள் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். வெளியேற இயலாத சிலர் உயிரிழந்தனர். 1911 இல் அட்லருடன் பிராய்டின் சங்கத்தை விட்டு வெளியேறிய ஓப்பன்ஹைம் 1943 இல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். அவரது மகள் வழிப் பேரனான மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் பின்னாளில் தம் பாட்டனாரின் வாழ்க்கையை நூலாக எழுதினார்.

மகளின் மறைவும் அட்லரின் இறுதிக் காலமும்

அட்லரின் மூத்த மகள் வலன்டைன் தாயைப் போன்றே பொதுவுடைமைக் கொள்கையில் ஈடுபாடு உடையவர். ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்ததைத் தொடர்ந்து அவர் மாஸ்கோவில் குடியேறினார். 1937 சனவரியில் சோவியத் காவல்துறை அவரைக் கைது செய்தது. வீட்டாருக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. கடிதங்கள் நின்றுபோயின. அட்லர் பல வழிகளிலும் விசாரித்தார். கவலையால் உறக்கமிழந்த நிலையிலேயே 1937 வசந்த காலத்தில் ஐரோப்பாவில் உரைப்பயணம் மேற்கொண்டார்.

அப்பயணத்தின்போது ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் தங்கியிருந்த அட்லர், மே 28, 1937 அன்று காலை நடந்து செல்கையில் மாரடைப்பால் தெருவில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 67. மகளுக்கு நேர்ந்ததை அறியாமலேயே அவர் மறைந்தார். வலன்டைன் 1942 இல் சோவியத் சிறை முகாமில் இறந்தார். குற்றமற்றவர் என்று 1956 இல் அவர் அறிவிக்கப்பட்டார்.

அட்லரின் உடல் எடின்பரோ நகரின் வாரிஸ்டன் தகன நிலையத்தில் எரியூட்டப்பட்டது. குடும்பம் சிதறி, போரும் சூழ்ந்த நிலையில் அவரது சாம்பல் எவராலும் பெற்றுக்கொள்ளப்படாமல் அங்கேயே இருந்தது. நெடுங்காலம் காணாமற்போனதாகக் கருதப்பட்ட அச்சாம்பல் 2007 இல் கண்டறியப்பட்டு, 2011 இல் வியன்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மத்திய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கம்

அட்லரின் மாணவரான ருடால்ப் டிரைக்கர்ஸ் சிகாகோ நகரில் குடியேறி, வகுப்பறை ஒழுங்கு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றில் இக்கருத்துகளைப் பரப்பினார். அவர் 1952 இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் அட்லர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. விக்டர் பிராங்கிள் இளமையில் அட்லரின் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, கருத்து வேறுபாட்டால் 1927 இல் நீக்கப்பட்டார். ஆபிரகாம் மாஸ்லோ நியூயோர்க்கில் அட்லரிடம் நேரடியாகக் கற்றார். ரொல்லோ மே, ஆல்பர்ட் எல்லிஸ் ஆகியோரும் அட்லருக்குக் கடன்பட்டவர்கள். 2013 இல் சப்பானில் இச்சிரோ கிசிமி, புமிதகே கோகா ஆகியோர் அட்லரின் கருத்துகளை உரையாடல் வடிவில் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கில் விற்பனையானது.

இந்தியாவில் உளப்பகுப்பாய்வு இயக்கம் பிராய்டின் வழியிலேயே தோன்றியது. கிரீந்திரசேகர் போசு 1922 இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அட்லரின் கருத்துகளோ பெரும்பாலும் கல்வி உளவியல் பாடத்தின் வழியாக ஆசிரியர்களைச் சென்றடைந்தன. தாழ்வு மனப்பான்மை என்ற தொடர் அதனை உருவாக்கக் காரணமானவரின் பெயரை விட்டுப் பிரிந்து, தமிழ்ப் பேச்சு வழக்கிலும் திரைப்படங்களிலும் இயல்பாகக் கலந்துவிட்டது. ஆயினும் பேச்சு வழக்கில் இது ஒருவரின் மாறாத குறையைச் சுட்டவே பயன்படுகிறது. அட்லரின் கருத்தில் இது மாற்றக்கூடிய நிலையாகும்.

விமர்சனங்கள்

மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1919 இல் அட்லருடன் குழந்தைகள் நலப் பணியில் ஈடுபட்டவர். எந்த நடத்தையையும் தாழ்வுணர்ச்சியைக் கொண்டு விளக்கிவிடலாம் என்பதால், இக்கோட்பாடு தவறென்று காட்டுவதற்கே இடமில்லை என்றும், எனவே இது அறிவியல் ஆகாது என்றும் பாப்பர் வாதிட்டார்.

பிறந்த வரிசைக்கும் ஆளுமைக்கும் உள்ள தொடர்பு பற்றிய கருத்து பின்னாளைய ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. அமெரிக்கா, பிரித்தானியா, ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த 20,000 க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2015 இல் வெளியான ஆய்வு, ஆளுமைப் பண்புகளில் பிறந்த வரிசைக்குக் குறிப்பிடத்தக்க பங்கு எதுவும் இல்லை என்று காட்டியது. தன்பால் ஈர்ப்பை ஒரு மனநோயாக அட்லர் கருதியதும் இன்று ஏற்கப்படுவதில்லை. அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 1973 இல் அதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இக்குறைகளுக்கு அப்பால், மருத்துவரும் நோயாளியும் சமமாக அமர்ந்து பேசுவது, குழந்தையின் சிக்கலைப் பள்ளியிலேயே பெற்றோருடனும் ஆசிரியருடனும் சேர்ந்து தீர்ப்பது, தண்டனைக்கு மாற்றாக ஊக்கமளிப்பது ஆகியவை பல்வேறு சிகிச்சை முறைகளிலும் பள்ளி ஆலோசனைப் பணியிலும் பொதுவான நடைமுறைகளாகிவிட்டன.

முக்கிய நூல்கள்

நூற்பெயர்கள் தமிழில் பொருள்படத் தரப்பட்டுள்ளன.

தையல் தொழிலாளர்களுக்கான உடல்நல நூல் (1898)
உறுப்புக் குறைபாடு பற்றிய ஆய்வு (1907)
நரம்புத் தளர்ச்சிக் குணம் (1912)
குணப்படுத்தலும் கற்பித்தலும் (1914, கார்ல் பூர்ட்முல்லருடன் இணைந்து)
தனிமனித உளவியலின் நடைமுறையும் கோட்பாடும் (1920)
மனிதரை அறிதல் (1927)
வாழ்க்கை உங்களுக்கு உணர்த்த வேண்டியது (1931)
வாழ்க்கையின் பொருள் (1933)